ஒழுங்கையில் பாதி

அரசியல்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டால் என் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்விடும். இலங்கையில் பழகிய பழக்கம். ஜெர்மனியில் இருந்தபோதும் விடவில்லை, லண்டனுக்கு வந்தபிறகும் விடவில்லை. ஆகவே, எங்கள் சங்குமுனைப் பிரதேச சபையின் தவிசாளர் வருகிறார், கோலியர்ஸ் வுட்டில் மண்டபம் எடுத்திருக்கிறோம், வடக்கை முன்னேற்ற அவர் வைத்திருக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசுவார் என்று ஊர் ஒன்றியத்தார் போன் எடுத்தபோது, "தலைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்டேன்.

"காசு ஒண்டும் இல்லை, சவிரியான் அண்ணை. சும்மா வாங்கோ. சாப்பிட ரோல்ஸ் இருக்கு."

ரோல்ஸ் இருக்கிறதென்றால் போகலாம். போனேன்.

நவம்பர் மாதம். காலையில் இறங்கிய மூடுபனி மத்தியானம் ஆகியும் எழும்பவில்லை. ஹை ஸ்ட்ரீட்டில் கடைகள் பாதிதான் தெரிந்தன. மேல்பாதியை யாரோ ரோலரால் வெள்ளை அடித்து மறைத்ததுபோல் இருந்தது. பஸ்கள் சத்தமாக முதலில் வந்து, பிறகுதான் சிவப்பாக வந்தன. எனக்கு அப்படிப்பட்ட நாள் பிடிக்கும். ஒருவரும் ஒருவரையும் அடையாளம் பிடித்துக் கதைக்க வரமாட்டார்கள்.

மண்டபத்தில் வழக்கமானதெல்லாம் நடந்தது. விளக்கு ஏற்றினார்கள். ஒரு நிமிடம் எழும்பி நின்றோம். பொன்னாடை போர்த்தினார்கள், போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அந்த மனிசன் மேடையில் துணிக்கடை மாதிரி இருந்தான். கொட்வின் என்று பெயர். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. செருப்புக்குள்ளே கம்பளிச் சொக்ஸ்.

அவன் எழும்பி ஒரு தாளை எடுத்து வாசித்தான். ஐஸ் தொழிற்சாலை, மீன்பிடி இறங்குதுறை, பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு ரீச்சர், மழை பெய்தால் வெட்டுப்படும் றோட்டு, காற்றாலைக்காரன் ஊருக்குத் தரவேண்டிய பங்கு. எல்லாம் கேட்டுப் பழகியவை. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார்கள். பிறகு அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"இவ்வளவும் நான் அங்க நிண்டு செய்வன். செய்யாட்டி சனம் என்னை அடிக்கும். ஆனா முதலாவது எண்டு நான் நினைக்கிறது இந்தத் தாளில இல்லை. அது அங்க நிண்டு செய்ய ஏலாது. அதுக்குத்தான் பிளேன் ஏறினனான்."

போன்கள் பைக்குள் போயின. காசு வரப்போகிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"எங்கட வடக்கு வளமான இடம் எண்டு எல்லாரும் சொல்லினம். காத்து இருக்கு. மீன் இருக்கு. மணல் இருக்கு. அந்தக் கறுப்பு மணலுக்குத்தான் இப்ப அடிபாடு. அது ஆற்ர பேரில இருக்கு? சங்குமுனையில இருக்கிற ஒருத்தற்ர பேரிலயும் இல்லை. செவன் கிங்ஸில இருக்கு. வால்தம்ஸ்டோவில இருக்கு. இஞ்ச கோலியர்ஸ் வுட்டில இருக்கு. என்ர தொகுதி உங்கட வீட்டு அலுமாரிக்குள்ள இருக்கு ஐயாமார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. எழும்பினேன்.

"தம்பி, சுத்தி வளைக்காமல் சொல்லும். எவ்வளவு வேணும்?"

அவன் என்னைப் பார்த்தான். "நீங்கள் சவிரியான் அண்ணைதானே?"

"ஓம். அதுக்கு?"

"நான் உங்களிட்டத்தான் வந்தனான். உங்கட ஒழுங்கைக்கு. அதை வித்துப்போடாதையுங்கோ எண்டு கேக்க."

இதைச் சொல்லிவிட வேண்டும். சங்குமுனை மன்னார்ப் பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் நாக்கு. அது தொடங்கும் இடத்தில் எனக்கு ஒரு துண்டுக் காணி. அதில் ஒரு தென்னைகூட இல்லை. தோண்டினால் கறுப்பு மணல், இன்னும் தோண்டினால் இன்னும் கறுப்பு மணல். பக்கத்துத் துண்டு யோகலிங்கத்தினுடையது. இரண்டுக்கும் நடுவில் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை. அதில் பாதி என் காணி உறுதியில் இருக்கிறது, பாதி அவருடைய உறுதியில். மற்றத் துண்டுகளெல்லாம் அதற்குப் பின்னால். லொறி போகவேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. கொழும்பிலிருந்து ஒரு மணல் கொம்பனியின் தரகன் ஆறேழு மாதமாக எனக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான். "எல்லாரும் குடுத்தா நானும் குடுக்கிறன்" என்று சொல்லி வைத்திருந்தேன். எல்லாரும் கொடுத்தாயிற்று என்றான். அடுத்த கிழமை கையெழுத்து.

ஏன் கொடுக்கிறேன்? நான் கொடுக்காவிட்டாலும் யாரோ ஒருவன் எடுக்கத்தான் போகிறான். ஆமிக்காரன் எடுத்தான், விட்டான். வனத்துறைக்காரன் கல் நட்டான். கோயில்காரர் ஒருமுறை அளந்து பார்த்தார்கள். களவு போகப்போகிற சாமானை விற்றால் அது புத்தி. இதுதான் என் கணக்கு.

கூட்டம் முடிந்ததும் ஒரு புதினம் நடந்தது. தவிசாளரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர மூன்று கார் போனதாம். இப்போது ஒன்றுமில்லை. ஒருவருக்கு பிரேக் பழுது, ஒருவருக்கு ஷிப்ட், ஒருவருக்கு மாமியார். காசு கேட்டிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, படம் எடுத்து, அனுப்பியிருப்பார்கள். இவன் காணி கேட்டுவிட்டான். அதுவும் வாங்கக் கேட்கவில்லை, விற்காதே என்று கேட்கிறான். அப்படிப்பட்ட ஆளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே மூடுபனிக்குள் பொன்னாடைப் பையோடு நின்றான். என் மனைவி சுசிலா என் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

"அந்தப் பிள்ளை நடுங்குது. வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ."

"பிள்ளையோ? தவிசாளர்!"

"தவிசாளருக்குக் குளிராதோ?"

கூட்டிக்கொண்டு வந்தோம்.

சாப்பிட்டபின் அவன் எங்கள் வரவேற்பறையில் இருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடம் லண்டனில் வீடு வீடாகப் பெயின்ற் அடித்தவன் நான். என் வீட்டுச் சுவரை யாராவது பார்த்தால் எனக்குப் பிடிக்கும்.

"நல்ல வெள்ளை அண்ணை."

"மூண்டு கோட். ஒவ்வொண்டும் காயவிட்டு."

"இந்த வெள்ளை எதில இருந்து வருது, தெரியுமோ?"

"டின்னில இருந்து."

அவன் சிரித்தான். "எங்கட மாதிரிக் கறுப்பு மணலில இருந்து. அந்த மணலுக்குள்ள இருக்கிற இல்மனைற்றை எடுத்து, காய்ச்சி, அவிச்சு, கடைசியில மாவு மாதிரி ஒரு வெள்ளை வரும். அதுதான் பெயின்ற்."

"சும்மா அலட்டாதையும். கறுப்பில இருந்து எப்பிடி வெள்ளை வரும்?"

"வருது அண்ணை. அதுக்குத்தானே உங்கட காணிக்கு அடிபடுறாங்கள்."

நான் நம்பவில்லை. ஆனால் படுத்தபிறகு நித்திரை வரவில்லை. வந்ததும் நித்திரையா என்று தெரியவில்லை. பிரிக்ஸ்ரனில், பால்ஹமில், விம்பிள்டனில் நான் அடித்த சுவர்கள் எல்லாம் ஈரமாகி மெல்ல வழியத் தொடங்கின. வழிந்து தரைக்கு வரும்போது கறுத்தன. வீடுகளுக்குள் ஆட்கள் முழங்கால் அளவு கறுப்பு மணலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும், நாய்க்குட்டியோடு நின்று நான் பெயின்ற் அடிப்பதைப் பார்க்கிற கிழவி, என் பெயரை வெள்ளைக்காரர் சொல்கிற மாதிரிச் சொல்லி, "நல்லா இருக்கு சேவியர்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. மூடுபனி அப்படியே நின்றது. அவனுக்குச் செவன் கிங்ஸுக்குப் போகவேண்டும்; அங்கே ஸ்ரீஸ்கந்தராஜா, ஒன்றியத்தின் பழைய தலைவர், பின்துண்டுக்காரர். எனக்கு இலவசப் பாஸ் இருக்கிறது. எனக்கு வேறு வேலையும் இல்லை. வழி காட்டுகிறேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

சுரங்க ரயிலுக்குள் அவன் தண்ணீரைப் பற்றிக் கதைத்தான். சத்தத்துக்கு மேல் சத்தம் போடாமல், காதுக்குப் பக்கத்தில், மெல்ல.

"எங்கட மணலுக்குக் கீழ உப்புத்தண்ணி அண்ணை. கடல்தான் கீழயும் இருக்கு. மழை பெய்தா அந்த நல்லதண்ணி மணலுக்குள்ளால இறங்கிப் போய், உப்புக்கு மேல மிதந்துகொண்டு நிக்கும். பாலில ஆடை மாதிரி. கலக்காது. நாங்கள் அள்ளிக் குடிக்கிறது அந்த ஆடையைத்தான். மணல்தான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கு. மணலை எடுத்தா..."

அவன் கையை விரித்துக் காட்டினான். ரயில் இருட்டுக்குள் ஆடிக்கொண்டு போனது. என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முதல்முறையாக யோசித்தேன். லண்டனும் எதற்கோ மேலேதான் மிதந்துகொண்டிருக்க வேண்டும்.

"உம்மட வீடு எது?" என்று கேட்டேன்.

"உங்கட ஒழுங்கை ஊருக்குள்ள வந்து முடியிற இடம். கிணறு முன்னுக்கு. மகள் இப்ப வாளி பிடிக்கிற வயசு. லொறி வந்தா முதல் உப்பாகிறது எங்கட கிணறுதான்."

"அப்ப உம்மட கிணத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தனீர்."

"ஓம்" என்றான். மறைக்கவில்லை. "என்ர கிணத்துக்காகத்தான்."

அரசியல்காரன் ஒருவன் உண்மை சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் இன்னும் சந்தேகம் வந்தது.

செவன் கிங்ஸில் ஸ்ரீஸ்கந்தராஜா வாசலிலேயே இன்னொரு பொன்னாடையோடு நின்றார். மற்றக் கையில் போன், படம் எடுக்க. உள்ளே கூட்டிப்போய் கேக் வெட்டி வைத்தார். கொட்வின் தன் விசயத்தைச் சொன்னான். அவர் முழுதும் கேட்டுவிட்டு, அருமையான நோக்கம், இதை எங்கள் ஆண்டு மலரில் போடவேண்டும், நீங்கள் ஒரு வாழ்த்துச் செய்தியும் எழுதித் தரவேணும் என்றார்.

"காணி, ஐயா?" என்றான் கொட்வின்.

"அது குடுத்தாச்சுது, தம்பி." கேக்கைத் தள்ளி வைத்தார். "என்னைப் பிழை சொல்லாதையும். சவிரியான் அண்ணை குடுத்திட்டார், வால்தம்ஸ்டோ யோகலிங்கம் குடுத்திட்டார், ஒழுங்கை கைவிட்டுப் போயிட்டுது எண்டு தரகர் சொன்னவர். முன்வாசல் போனபிறகு பின்வளவை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"நான் எப்ப குடுத்தனான்?" என்றேன்.

"மாசியிலயே குடுத்திட்டியளாம்."

"ஆர் சொன்னது? நான் இன்னும் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கேல்லை!"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அப்ப என்னட்ட ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே?"

"எப்பிடி அண்ணை கேக்கிறது? நீங்கள் மற்றச் சங்கமெல்லோ."

அதுதான். எங்கள் ஊர்ச் சங்கம் இரண்டாக உடைந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மோர்டன் பூங்காவில் கோடை விளையாட்டுப் போட்டி. கயிறிழுத்தல். கோட்டைத் தாண்டி என் கால் போனது என்று யோகலிங்கம் விசில் ஊதினார். என் கால் போகவில்லை. அன்றைக்கு எங்கள் ஒன்றியம் வேறு, அவருடைய நலன்புரிச் சங்கம் வேறு. பிறகு ஒன்றியத்துக்குள்ளும் ஒரு உடைவு. அதில் ஸ்ரீஸ்கந்தராஜா மூன்றாவதாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டு போனார். லண்டனில் இருக்கிற சங்குமுனையார் ஒரு பஸ்ஸுக்குள் அடங்குவார்கள். ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஒருவனுக்கு எது நடந்தாலும் மற்றவனுக்குத் தெரிவது கொழும்பில் இருக்கிற தரகன் சொல்லித்தான்.

வாசலுக்கு வந்ததும் கொட்வின் கேட்டான். "அப்ப யோகலிங்கம் அண்ணையும் குடுத்திருக்க மாட்டார்போல?"

"அவன் குடுத்திருப்பான். அவனை எனக்குத் தெரியும்."

"போய்க் கேப்பமோ?"

"எனக்கு அந்த வீட்டுப் படி ஏற ஏலாது."

"நான் கேக்கிறன். நீங்கள் வெளியில நில்லுங்கோ."

இல்போர்டிலிருந்து வால்தம்ஸ்டோவுக்குப் போகிற பஸ்ஸில் மேல்தட்டின் முன் இருக்கையில் இருந்தோம். கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. மரங்கள் வந்தன, பாலமொன்று வந்தது, பெரிய சாலையின் இரைச்சல் கீழே எங்கோ ஓடியது. றோட்டின் வெள்ளைக் கோடுகள் மட்டும் மூடுபனிக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்து எங்கள் காலுக்குக் கீழே போயின. ஜன்னல் சட்டங்கள் வெள்ளை. கதவுகள் வெள்ளை. எவ்வளவு மணல், எந்த ஊரின் மணல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன் போல. வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், இருப்பதுபோல உடம்பு மெல்ல ஏறி இறங்கியது. கொட்வின் என் தோளில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டான். வாய் திறந்திருந்தது. பொன்னாடைப் பையைக் கட்டிப்பிடித்திருந்தான். அப்போது பார்க்கத் தவிசாளர் மாதிரி இல்லை. அக்கரைக்குப் போகிற வள்ளத்தில் தெரியாமல் ஏறிவிட்ட ஆள் மாதிரி இருந்தான்.

என் மனதில் ஒரே ஒரு விசயம்தான் ஓடியது. மாசியில் கையெழுத்து வைத்தேனாம். என் பெயரை வைத்து இன்னொருவனை ஏமாற்றியிருக்கிறார்கள். விற்பது வேறு. என் பெயரை என்னைக் கேட்காமல் விற்பது வேறு. ஊருக்காகவோ தண்ணீருக்காகவோ என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு விசர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வால்தம்ஸ்டோவில் இறங்கியபோது என் கால் தானாகவே அவனுக்கு முன்னால் நடந்தது. மணியை அழுத்தியதும் நான்தான்.

கதவைத் திறந்தது யோகலிங்கத்தின் மனைவி தவநாயகி. என்னைக் கண்டதும் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"கடவுளே! சவிரியான் அண்ணையோ?"

"தவிசாளர் வந்திருக்கிறார். நான் வழி காட்ட வந்தனான்."

"உள்ளுக்கு வாங்கோ. குளிர் உள்ளுக்கு வருது, நீங்களும் வாங்கோவன்."

யோகலிங்கம் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். ரீவியில் சத்தமில்லாமல் யாரோ பனிச்சறுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. பாதியாகிப் போயிருந்தார். வலது கை மடியில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

"போன தையில இழுத்துப் போட்டுது அண்ணை" என்றாள் தவநாயகி மெதுவாக. "வலப்பக்கம் முழுக்க. கதைக்கிறது பரவாயில்லை."

எனக்குத் தெரியாது. கோலியர்ஸ் வுட்டுக்கும் வால்தம்ஸ்டோவுக்கும் இடையில் ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

கொட்வின் கதிரையின் நுனியில் இருந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். காற்று, மீன், மணல், பாலாடை. யோகலிங்கம் ரீவியைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும் மனைவியிடம் சொன்னார். "வந்தவரிட்டக் கேள், முதல் குடுத்தவர் எதுக்கு இப்ப இஞ்ச வந்தவர் எண்டு."

"நான் குடுக்கேல்லை எண்டு சொல்லு தங்கச்சி" என்றேன் நான்.

"குடுக்கேல்லையாம்."

"பொய் எண்டு சொல்லு. தரகர் சொன்னவன்."

"தரகர் சொன்னவனாம்."

"தரகர் செவன் கிங்ஸில இவரும் குடுத்திட்டார் எண்டு சொன்னவன் எண்டு சொல்லு."

தவநாயகி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கரண்டியை மேசையில் வைத்தாள். "எனக்கு அடுப்பில கறி இருக்கு. ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. தம்பி, நீர் வாரும், எங்கட தோட்டத்தைக் காட்டுறன்."

"மூடுபனியெல்லோ அக்கா, என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. வாரும்."

போய்விட்டார்கள். பின்கதவு சாத்தியது. நாங்கள் இரண்டு பேரும், ரீவிக்குள் பனியில் வழுக்கிப் போகிறவனும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை, ரீவிக்குள் வெள்ளை. அந்த அறை மட்டும் எங்கோ தனியாக மிதந்துகொண்டிருந்தது போலவும், நாங்கள் அதில் ஏறி வெகுநேரமாகிவிட்டது போலவும் இருந்தது.

"கால் போனதுதான்" என்றார் யோகலிங்கம். வார்த்தை கொஞ்சம் குழைந்தது.

"போகேல்லை."

"அரை அடி."

"உமக்குக் கண் தெரியாது. கோடு அங்கால வளைஞ்சு கிடந்தது. புல்லு."

"விசில் ஊதினவன் நான்."

"ஊதினது பிழை."

"இப்ப ஊதச் சொன்னாலும் ஊதுவன்."

"ஊதும் பாப்பம்."

அவர் உதட்டைக் குவித்துப் பார்த்தார். ஒரு பக்கத்தால் காற்றுப் போனது. சத்தம் வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் பாதி முகத்தில் வந்தது.

பிறகு நான் போனை எடுத்தேன். தரகரின் நம்பரை அழுத்திச் சத்தத்தைக் கூட்டி, ரீவி மேசையில் வைத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். மெல்லுகிற சத்தத்தோடு எடுத்தான்.

"சவிரியான் ஐயா! சொல்லுங்கோ. அடுத்த கிழமை எல்லாம் ரெடி."

"வால்தம்ஸ்டோ யோகலிங்கம் குடுத்திட்டாரோ? எனக்கு அதுதான் தெரியவேணும்."

"எத்தினை தரம் சொல்லுறது ஐயா? குடுத்திட்டார். வைகாசியில கையெழுத்து வைச்சவர். நான் நேரில கண்டனான், லண்டனுக்கு வந்து. நல்ல வடிவான கையெழுத்து."

யோகலிங்கம் கதிரையோடு முன்னுக்குச் சாய்ந்தார். மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, போனுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். அது அங்கே கிடந்தது. போனில் தரகனுக்கு அது தெரியாதுதான், ஆனாலும் காட்டினார்.

"எந்தக் கையால வைச்சனான், தம்பி?"

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது.

"ஆர் கதைக்கிறது?"

"வைகாசியில கையெழுத்து வைச்சவன் கதைக்கிறன். எந்தக் கையால?"

லைன் வெட்டுப்பட்டது. போன் அந்தக் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அது மெல்ல இருண்டது.

"இனி என்ன?" என்றார்.

"நான் குடுக்கமாட்டன்."

"நானும் மாட்டன்." பிறகு சொன்னார்: "உம்மை நம்ப ஏலாது."

"எனக்கும் உம்மை நம்ப ஏலாது. வேறொருத்தன் வருவான். உமக்கு ஒண்டு சொல்லுவான், எனக்கு ஒண்டு சொல்லுவான்."

"அப்ப?"

"ஒவ்வொரு ஞாயிறும் நான் போன் எடுத்துக் கேப்பன். குடுத்திட்டீரோ எண்டு. நீர் பதில் சொல்லவேணும். நீர் சொல்லுறதை நம்பமாட்டன். ஆனாலும் கேப்பன்."

அவர் யோசித்தார். "ஒரு ஞாயிறு நீர். மற்ற ஞாயிறு நான். உம்மட போன் காசில நான் இருக்க ஏலாது."

தோட்டத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். தலைமயிரில் ஈரம் பூத்திருந்தது. கொட்வின் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தான். கேட்கப் பயந்தவன் போல நின்றான்.

"உம்மட முதலாவது திட்டம் முடிஞ்சுது" என்றேன். "உமக்காக இல்லை. உம்மட கட்சிக்காகவும் இல்லை."

"பரவாயில்லை அண்ணை."

"நாளைக்கு நீரும் அவங்களோட சேந்து லொறியில வந்து நிண்டா?"

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் ஒழுங்கையை அடைச்சுப்போடுங்கோ."

"அடைப்பம்" என்றார் யோகலிங்கம். "அதைக் கயிறு கட்டி அடைப்பம்."

கறி நன்றாக இருந்தது. மீன். திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் எதிர்க் கண்ணாடியில் கொட்வினின் முகமும் என் முகமும் இருட்டின் மேல் மிதந்து வந்தன. அவன் புதன்கிழமை போய்ச் சேர்ந்தான். கிணற்றடியில் நின்று ஒரு படம் அனுப்பினான். ஸ்ரீஸ்கந்தராஜா தன் துண்டைத் திரும்பக் கேட்டு ஆள் பிடிக்கிறாராம். அது முடியுமா முடியாதா எனக்குத் தெரியாது. ஒழுங்கை இல்லாத காணியை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்றும் தெரியாது. ஏதாவது செய்வார்கள். அவர்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் ஞாயிறு என் முறை. பகல் சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்திருந்து எடுத்தேன். மூடுபனி போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக மேற்குப் பக்கமிருந்து ஒரு கறுப்பு, விம்பிள்டன் கூரைகளுக்கு மேலால் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"குடுத்திட்டீரோ?"

"இல்லை. நீர்?"

"இல்லை."

"சரி."

"சரி."

இருவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தவநாயகி ஏதோ பாத்திரம் கழுவினாள். அவர் மூச்சு விடுவது கேட்டது. இந்தப் பக்கம் முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தன, பிறகு கூரை முழுக்க.

"என்ன சத்தம் அங்க?" என்றார்.

"மழை. அங்க இல்லையோ?"

"இல்லை. காய்ஞ்சு கிடக்கு."

"இப்ப வரும்."

"எங்க வரும்?"

"பொறும் ஐசே. ஆத்தைத் தாண்டி வரவேணும்."

நான் கண்ணை மூடினேன். மழை டூட்டிங்குக்கு மேலால் போனது, ஸ்ரொக்வெல்லுக்கு மேலால் போனது, ஆற்றின் மேல் பொரிந்தது, பெயர் தெரியாத இடங்களின் வெள்ளை ஜன்னல்களையெல்லாம் நனைத்துக்கொண்டு வடக்கே போனது. சுசிலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை, போனைக் காதிலிருந்து எடுத்தால் தவறிவிடும் என்று.

"வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை" என்றார். அவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கவேண்டும். "வையாதையும்."